கடல் விலகிய துறைமுகத்தில் நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழன்

லூகாங் நகருக்கு ரயில் கிடையாது. கீலுங்கிலிருந்து காவ்சியுங் வரை தைவானின் மேற்குப் பக்கத்தை இணைக்கும் முதன்மை ரயில்பாதை 1908இல் முழுமை பெற்றபோது, அது லூகாங்கைத் தொடாமல் கிழக்கே ஒதுங்கி, சாங்ஹுவா நகரின் வழியாகச் சென்றுவிட்டது. அதனால் இன்றும் சாங்ஹுவாவில் இறங்கிப் பேருந்து பிடித்து, நெல்வயல்களையும் அவற்றுக்கு நடுவே நிற்கும் தகரக் கூரைப் பட்டறைகளையும் பார்த்தபடிதான் லூகாங் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிப் பணிக்காக நான் சிஞ்சுவில் தங்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறார். தைப்பேயின் வானுயர்ந்த கட்டடங்களை மரியாதைக்குப் பார்த்து முடித்தவர், "கோயில் இருக்கிற ஊரா பார்த்துக் கூட்டிட்டுப் போயேன்" என்றார். தைவானில் கோயில் இல்லாத ஊரைத் தேடுவதுதான் கடினம் என்றாலும், அம்மாவுக்குக் காட்ட வேண்டிய ஊர் எது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

"முதலில் ஃபூ, இரண்டாவது லூ, மூன்றாவது மெங்ஜியா" என்று தைவானில் ஒரு சொலவடை உண்டு. ஃபூ என்பது பழைய தலைநகரான தைனான். மெங்ஜியா இன்றைய தைப்பேயின் மேற்கு மூலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் லூ இந்த லூகாங்தான். பெயருக்கு 'மான் துறைமுகம்' என்று பொருள். டச்சுக்காரர்கள் தைவானில் இருந்த 17ஆம் நூற்றாண்டில் இத்தீவிலிருந்து மான்தோல் பெருமளவில் ஏற்றுமதியானது. பிறகு 1784இல், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசு, சீனக் கரையில் சுவான்சோவ் பகுதியைச் சேர்ந்த ஹான்ஜியாங் துறைக்கும் லூகாங்கிற்கும் இடையே நேரடிக் கப்பல் போக்குவரத்தை அனுமதித்தது. இங்கிருந்து அரிசியும் சர்க்கரையும் போயின. அங்கிருந்து துணியும் மரமும் ஆட்களும் தெய்வங்களும் வந்தன. எட்டு வணிகக் கழகங்கள் ஊரின் வணிகத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஆண்டன.

அந்தத் துறைமுகத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆவல். பழைய வீடொன்றைத் திருத்தி அமைத்த விடுதியில் பையை வைத்துவிட்டு, விடுதி நடத்தும் அம்மாளிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் முகவாயால் மேற்குத் திசையைக் காட்டி, "நடந்து போக முடியாது" என்றார். ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து 19ஆம் நூற்றாண்டிலேயே துறைமுகம் தூர்ந்துபோயிற்று என்று படித்திருந்தேன். ஊரில் நின்றுகொண்டு கடலைக் காணாமல் திரும்பிப் பார்ப்பது வேறொரு அனுபவமாக இருந்தது. உப்பு வாசனைகூட இல்லை. காற்று மட்டும் ஓயாமல் அடித்தது.

மாலையில் சோங்ஷான் சாலையில் நடந்தோம். இரு பக்கமும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்து மாடி முகப்புகள் நெருக்கமாக நிற்கின்றன. இந்தச் சாலைக்கு முன்பு 'வானம் தெரியாத தெரு' என்று பெயர். கடைக்காரர்கள் தங்கள் கூரைகளைத் தெருவின் குறுக்கே நீட்டி எதிர்க்கடைக் கூரையோடு சேர்த்துவிட்டதால், மழையிலும் வெயிலிலும் நனையாமல் காயாமல் தெரு முழுக்க நடக்கலாமாம். 1934இல் நகர்ச் சீரமைப்பு என்ற பெயரில் ஜப்பானிய நிர்வாகம் கூரைகளை இடித்துத் தெருவை அகலமாக்கியது. இப்போது வானம் தெரிகிறது. கூடவே மின்கம்பிகளும் தெரிகின்றன.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஏழு மணிக்கே லோங்ஷான் கோயிலுக்குப் போய்விட்டோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் குறுக்கு வழியாக முன்முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். மூன்று முதியவர்கள் மரத்தடியில் கைகளை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நுழைவுச்சீட்டு இல்லை, வாயிலில் கடைகளும் இல்லை.

கோயிலின் தொடக்கம் 17ஆம் நூற்றாண்டு என்பது மரபு. இப்போதுள்ள இடத்துக்கு மாறியது 1786இல். சுவான்சோவ் பகுதியின் ஆன்ஹாய் என்ற ஊரில் இதே பெயரில் உள்ள கோயிலிலிருந்து வந்த வழிபாடு இது. முற்றங்களில் பதித்திருக்கும் கருங்கற்பாளங்கள் கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அடிப்பாகத்தில் பாரமாக ஏற்றிவந்தவை என்கிறார்கள். அரிசி ஏற்றப் போகும் கப்பல் வெறும் வயிற்றோடு கடலைக் கடக்க முடியாதல்லவா? அந்தப் பாரம்தான் இங்கே தரையாகக் கிடக்கிறது.

வாயிலில்தான் அம்மாவுக்கு முதல் சிக்கல் வந்தது. தைவான் கோயில்களில் நடு வாயில் தெய்வங்களுக்கு உரியது. நாம் கோயிலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இருப்பது டிராகன் வாயில், இடப்பக்கம் இருப்பது புலி வாயில். டிராகன் வாயிலில் நுழைந்து புலி வாயிலில் வெளியே வர வேண்டும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். நிலைப்படி விதி அம்மாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறினால் சுற்று தலைகீழாகிறது. "இது அப்பிரதட்சணம் ஆச்சேப்பா" என்று படியிலேயே நின்றுவிட்டார். புலி வாயில் பக்கம் அவர் நகரப் போனதைக் கண்டு, துடைப்பமும் கையுமாக நின்ற மூதாட்டி ஒருவர் ஓடிவந்து, முழங்கையைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விட்டார். ஒரு சொல்லும் புரியாமல் இருவரும் சிறிது நேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அம்மா, "அவங்க வீட்டுல அவங்க வழக்கம்" என்று டிராகன் வாயிலிலேயே நுழைந்தார். உள்ளே போனபின், யாரும் பார்க்காத நேரத்தில், தூபக்கலசத்தை மட்டும் நம் முறைப்படி வலமாக ஒருமுறை சுற்றிக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

இரண்டாவது வாயில் மண்டபத்தைக் கடந்தவுடன், அதன் முதுகோடு ஒட்டியபடி, கருவறையைப் பார்த்து ஒரு நாடகமேடை இருக்கிறது. அதன் கீழே நின்று மேலே பார்க்க வேண்டும். எண்கோண விதானம் ஒன்று தலைக்கு மேல் கிணறுபோல் உள்வாங்கிச் செல்கிறது. ஆணியே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று முன்னே துருத்திக்கொண்டு வரும் சிறு மரப் போதிகைகள் எட்டுத் திசையிலிருந்தும் எழுந்து, சுற்று சுற்றாகச் சுருங்கி, நடுவிலுள்ள வட்டத்தை அடைகின்றன. அந்த வட்டத்தில் வண்ணம் மங்கிய டிராகன் ஒன்று சுருண்டு கிடக்கிறது. தைவானில் எஞ்சியிருக்கும் இவ்வகை விதானங்களில் இதுவே பழையது என்று போற்றப்படுகிறது. நடிகரின் குரலை வாங்கி முற்றத்துக்கு அனுப்பும் வேலையும் இதற்கு உண்டு. நான் மெதுவாக ஒருமுறை செருமிப் பார்த்தேன். ஒலி பெருகியதாகத்தான் பட்டது. ஆனால் பெருகும் என்று தெரிந்துகொண்டு செருமியவனின் சாட்சியம் அதிகம் மதிப்புடையதல்ல. கழுத்து வலிக்கும் வரை பார்த்தபின் ஒன்று கவனித்தேன். ஒரு மூலையில் போதிகைகள் சிலவற்றின் மரம் மற்றவற்றைவிட வெளிர்நிறமாக இருந்தது. 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கத்தில் இந்தக் கோயில் பெரும் சேதமடைந்து, பல ஆண்டுகள் திருப்பணி நடந்தது. மாற்றிய மரத்தைப் பழைய மரம்போலச் சாயம் பூசி மறைக்கவில்லையென்றால், அது நேர்மையான திருப்பணிதான்.

கதவுகளில் குவோ சின்லின் தீட்டிய வாயிற்காவல் தெய்வங்கள் நிற்கிறார்கள். இவர் லூகாங்கின் ஓவியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நிறம் வெளிறி, முகமும் தாடியும் கவச விளிம்பும் மட்டும் மிஞ்சியிருக்க, மரத்தின் ரேகைகள் அவர்கள் உடலுக்குள் ஓடுகின்றன. தைவானின் பெரும்பாலான கோயில்கள் சிவப்பும் பொன்னும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும். புதிதாகத் தீட்டியவற்றைப் பார்த்து வந்த எனக்கு, வெளிறிப்போன இந்தக் காவலர்கள்தான் உயிரோடு நிற்பவர்களாகத் தோன்றினார்கள்.

கருவறையில் குவான்யின். "அம்பாள் மாதிரியே இருக்காங்க" என்றார் அம்மா. குவான்யின் என்பது அவலோகிதேசுவரர் என்ற பௌத்த போதிசத்துவர் சீனத்தில் பெண்ணுருவம் கொண்ட வடிவம் என்று சொன்னேன். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம்தான் என்று வீரசோழியம் கூறுவதையும் சொன்னேன். சைவக் குடும்பத்தில் பிறந்த அம்மா, முருகனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அப்படியும் ஒரு கதையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அகல்விளக்குக்குப் பதில் அங்கே விற்ற சிவப்பு மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்தார்.

பிற்பகல் சந்துகளில் கழிந்தது. லோங்ஷான் கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது 'மார்பு உரசும் சந்து'. மிகக் குறுகிய இடத்தில் 70 சென்டிமீட்டர்தான் அகலம். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் இந்தப் பெயர். பெண் வந்தால் வழிவிட்டுக் காத்திருப்பவன் பண்பாளன் என்பதால் 'பண்பாளர் சந்து' என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வாரநாளாக இருந்தும் இரண்டு பக்கமும் படம் எடுப்பவர்கள் வரிசை. அம்மா பெயரைக் கேட்டதுமே உள்ளே வர மறுத்துவிட்டார். நான் போய்வந்தேன். இரண்டு வீட்டுச் செங்கற்சுவர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி, அவ்வளவுதான்.

மாறாக, ஜின்ஷெங் சந்து அரை நாள் செலவிடத் தகுந்தது. 'ஒன்பது வளைவுச் சந்து' என்று பரவலாக அறியப்படும் இதில் ஒன்பது வளைவுகள் இருக்கின்றனவா என்று எண்ணக் கூடாது. இங்கே ஒன்பது என்பது சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம். அந்த மாதத்தில் வடகிழக்கிலிருந்து தொடங்கும் பலத்த காற்று கடற்கரை மணலை வாரி ஊருக்குள் இறைக்கும். தெருவை நேராகப் போட்டால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும் என்று சந்துகளை வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனதும் அதே பருவம்தான். சோங்ஷான் சாலையில் அம்மாவின் முந்தானையைப் பிடுங்கிய காற்று, இரண்டாவது வளைவைக் கடந்தபோது ஓசையாக மட்டும் கேட்டது. மூன்றாவதில் அதுவும் இல்லை. செம்மஞ்சள் செங்கற்சுவரில் வெயில் விழுந்து கிடந்தது. சந்தின் ஓரிடத்தில் தலைக்கு மேல் இரு வீட்டு மாடிகளை இணைத்து ஒரு சிறு பாலம் செல்கிறது. 'பத்துக்கு உகந்த மாடம்' என்று அதற்குப் பெயர். யாழ், சதுரங்கம், கவிதை, மது, ஓவியம், மலர், நிலா, சூதாட்டம், புகை, தேநீர் ஆகிய பத்தும் நண்பர்களோடு கூடிச் சுவைக்க ஏற்ற இடமாம். பட்டியலில் கவிதைக்கும் சூதாட்டத்துக்கும் சம உரிமை கொடுத்த வணிகர்களின் வெளிப்படைத்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும். அருகில் ஒரு வீட்டு மதிலின் மேற்பகுதி, செங்கல்லுக்குப் பதில் பழைய மதுச் சாடிகளை அடுக்கிக் கட்டியது.

இன்னொரு தெருவில் பாதிக் கிணறு ஒன்று உண்டு. வீட்டு மதில் கிணற்றின் நடுவே ஓடுகிறது; பாதி உள்ளே வீட்டாருக்கு, பாதி வெளியே வழிப்போக்கர்களுக்கும் கிணறு வெட்ட வசதியில்லாத அக்கம்பக்கத்தாருக்கும். அம்மா அதன் கைப்பிடிச்சுவரைத் தடவிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

மூன்றாம் நாள், சனி

நேற்றைய அமைதிக்கு இன்று ஈடுகட்டிவிட்டார்கள். மாட்சு கோயிலுக்குப் போகும் தெருவில் கால் வைக்க இடமில்லை.

மாட்சு கடலோடிகளின் தெய்வம். ஃபூஜியான் கரையோரம் மெய்சோ தீவில் 960இல் பிறந்த லின் மோனியாங் என்ற பெண்ணே தெய்வமானாள் என்பது மரபு. கடலில் தத்தளிக்கும் படகுகளை அவள் காப்பாற்றுவாள். ஆயிரம் கல் தொலைவைப் பார்க்கும் கண் ஒருவனுக்கும், காற்றில் வரும் ஓசையைக் கேட்கும் செவி ஒருவனுக்குமாக இரண்டு பூதங்கள் அவளுக்குச் சேவகம் செய்கின்றன. 1683இல் தைவானைக் கைப்பற்ற வந்த தளபதி ஷி லாங், மெய்சோவிலிருந்து தன் கப்பலில் எழுந்தருளச் செய்த சிலையே இங்குள்ளது என்று கோயிலார் கூறுகிறார்கள். 1725இல் ஷி ஷிபாங் என்பவர் நிலம் கொடுத்து, கோயில் இப்போதைய இடத்துக்கு வந்தது. சாங்ஹுவா சமவெளிக்கு நீர் கொடுக்கும் பாபாவ் கால்வாயை வெட்டியவரும் இவரே. சிலையின் முகம் கன்னங்கரேல் என்றிருக்கிறது. முந்நூறு ஆண்டுத் தூபப்புகை செய்த வேலை அது.

தைவானில் புதிய மாட்சு கோயில் எழுப்புகிறவர்கள் பழைய கோயிலொன்றின் தூபக்கலசத்திலிருந்து சாம்பல் எடுத்துச்சென்றுதான் தொடங்குவார்கள். அப்படிப் பிரிந்த கோயில்கள் அவ்வப்போது தங்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு தாய்க்கோயிலுக்கு வந்து, கலசப்புகையின் மேல் காட்டி, சக்தியைப் புதுப்பித்துக்கொண்டு திரும்ப வேண்டும். 1949க்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மெய்சோவுக்குப் போக வழியில்லாதிருந்த காலத்தில், மெய்சோவிலிருந்தே வந்தவள் என்று நம்பப்படும் இந்தக் கருமுக அன்னையிடம் கூட்டம் பெருகியதில் வியப்பில்லை. இன்று நாங்கள் அங்கே இருந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஐந்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். முதலில் தாளமும் சங்குபோன்ற ஊதுகருவியும். பின்னால் அந்த இரு பூதங்களின் ஆளுயரத்தைத் தாண்டிய பொம்மைகள், உள்ளே ஓர் ஆள் ஒளிந்திருக்க, நீண்ட கைகளை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு. அதற்கும் பின்னால் பல்லக்கு. பல்லக்கு வாயில் வரை ஓடிவந்து, திடீரென்று பின்வாங்கி, மீண்டும் ஓடிவந்து பின்வாங்கி, மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தது. தூக்குகிறவர்கள் தோளில் துண்டு வைத்து, வெற்றிலைபாக்குச் சாறு வழிய, தள்ளாடிக் குலுக்கியபடி வந்தார்கள். அம்மாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டாசுக் காகிதம் காலடியில் சிவப்பாகக் குவிந்து கிடந்ததை மட்டும், "யாரு பெருக்குவா?" என்று கேட்டார். பதிலாக ஒரு சிறு இயந்திர வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது.

கூட்டம் சற்றுத் தணிந்தபோது, சன்னிதி முன்னால் ஒரு பெண் இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போடுவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறை வடிவில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், சிவப்புப் பூச்சு தேய்ந்த துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. பெயரையும் ஊரையும் சொல்லி, மனத்தில் கேள்வியை வைத்துக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று குவிவுமாக விழுந்தால் தெய்வத்தின் சம்மதம். இரண்டும் குவிவுப்பக்கம் மேலே தெரிய விழுந்தால் மறுப்பு. இரண்டும் தட்டைப்பக்கம் மேலே தெரிய, குவிந்த முதுகில் ஆடிக்கொண்டு கிடந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று பொருள். கேள்வியில் தெளிவில்லை, அல்லது கேட்காமலே உனக்குத் தெரியும். "பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிற மாதிரிதானே?" என்றார் அம்மா. ஆம் என்றேன்.

அவர் மண்டியிட்டார். முதலில் சிரிப்பு விழுந்தது. அம்மா கேள்வியைத் திருத்தியிருக்க வேண்டும், உதடு அசைந்தது. மறுபடியும் சிரிப்பு. பக்கத்தில் இருந்த பெண், ஊர் முகவரியைச் சொன்னீர்களா என்று சைகையோடு கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். தெய்வத்துக்கு நீங்கள் யாரென்று தெரிய வேண்டாமா என்பது அவருடைய வாதம். அம்மா கண்களை மூடி, தெருப்பெயர், கதவு எண், பின்கோடு உட்பட எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போட்டார். ஒன்று தட்டை, ஒன்று குவிவு. அடுத்த முறையும் அப்படியே, அதற்கடுத்த முறையும். மூன்று முறை தொடர்ந்து சம்மதம் விழுவது பெரிய விஷயம் என்று அந்தப் பெண் கைதட்டினார். என்ன கேட்டீர்கள் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "கேட்டவளுக்கும் சொன்னவளுக்கும் நடுவுல நீ எதுக்கு?" என்று எழுந்துவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலைச் சுற்றிய கடைகளில் சிப்பி அடையும், 'இறால் குரங்கு' என்று பொருள்படும் பெயருடைய சேற்று இறாலும்தான் பிரதானம். சேற்று இறால் சதுப்பு மண்ணில் ஆழ்துளை போட்டு வாழும் உயிர். உப்பில் போட்டுச் சமைத்ததை ஒன்று வாங்கித் தின்றேன். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று கிண்ணம் கஞ்சி குடிக்கலாம் என்பார்கள். மிகையில்லை, நம் கருவாட்டுத் துண்டின் இடத்தில் வைக்க வேண்டிய பண்டம் அது. சைவமான அம்மாவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். தைவானில் சைவ உணவகங்களை ஸ்வஸ்திகா அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அங்கே வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. அம்மா முழுத் திருப்தியோடு சாப்பிட்டார். 1877இல் தொடங்கிய யூசென்சாய் என்ற பலகாரக்கடையில் வாங்கிய மாவுப் பலகாரம் வாயில் வைத்ததும் பொடிந்து கரைந்தது. "பொரிவிளங்காய் உருண்டையை இடிக்க மறந்துட்டாங்க போல" என்று அதற்கும் ஓர் உறவு கண்டுபிடித்தார்.

பிற்பகலில் கூ சியென்ரோங்கின் மாளிகைக்குப் போனோம். 1919இல் மேலைநாட்டுப் பாணியில் எழுந்த இந்த மாளிகை 1973 முதல் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமாக இருக்கிறது. 1895இல் ஜப்பானியப் படைக்குத் தைப்பேயின் கதவைத் திறக்க வழிசெய்தவர் கூ. கைம்மாறாக உப்பு, கற்பூர வணிக உரிமைகள் கிடைத்தன. அவரைத் துரோகி என்பாரும் உண்டு, ஊரைக் கொள்ளையிலிருந்து காத்தவர் என்பாரும் உண்டு. காட்சிப்பொருள்களில் பாதம் கட்டிய பெண்களின் காலணிகளை மட்டும் மறக்க முடியவில்லை. என் கட்டைவிரலும் அதற்குள் நுழையாது.

அதைவிட எனக்குப் பொருள் நிறைந்ததாகப் பட்டது, சோங்ஷான் சாலையிலேயே உள்ள டிங் குடும்பத்து வீடு. தெருவில் ஒரு கடையின் அகலம்தான். ஆனால் முற்றம், கூடம், மறுபடி முற்றம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் டிங் ஷோசுவான் 1880இல் பேரரசின் மிக உயர்ந்த தேர்வில் தேறினார். டிங் குலத்தார் சுவான்சோவ் துறைமுகத்தில் வணிகம் செய்த மேற்காசிய முஸ்லிம்களின் வழிவந்தவர்கள். லூகாங்கில் குடியேறிய குவோ குலத்தாரின் ஒரு பிரிவுக்கும் அதே பின்னணி உண்டு. தொழுகை மறந்து தலைமுறைகள் ஆனபின்னும், முன்னோர் படையலில் பன்றி இறைச்சி வைக்காத வழக்கம் மட்டும் அவர்களிடம் நெடுங்காலம் இருந்ததாம்.

சுவான்சோவ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. அந்தத் துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப்பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அந்தத் தமிழ் வணிகர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குத் தடயமில்லை. டிங் குடும்பத்தாருக்குச் சீனப் பெயரும் தேர்வுப் பட்டமும் தைவானில் நீண்ட வீடும் வாய்த்தன. அம்மாவிடம் சொன்னபோது, "பேரு மாறிப் போயிருக்கும். ஆளு எங்கயும் போயிருக்க மாட்டாங்க" என்றார். சான்று இல்லாத கூற்று. ஆனாலும் முன்முற்றத்துத் தூணில் சாய்ந்தபடி அதை நான் கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று வாடகைக் கார் ஒன்றைப் பேசி, கடலைப் பார்த்துவிட்டே ஊர் திரும்புவது என்று முடிவு செய்தேன். ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர். லூகாங்குக்கே உரிய, சுவான்சோவ் சாயல் மாறாத பேச்சு. என் சீனமொழிக்கு அது பிடிபடுவதற்குள் பாதி வழி போய்விட்டது. போகும் வழியில் 1824இல் தொடங்கிய வென்காய் கல்விக்கழகத்தை ஐந்து நிமிடம் பார்த்தோம். முற்றத்தில் ஒரு பூனை இருந்தது.

கடலுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கடலை நிரப்பி உருவாக்கிய தொழிற்பேட்டையைக் கடக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேர்கோட்டுச் சாலைகள், தொழிற்சாலைச் சுவர்கள், சுழலும் காற்றாலைகள். இங்கே காற்றை வளைத்து ஏமாற்ற யாரும் முயலவில்லை. பிடித்து வேலை வாங்குகிறார்கள். அதன் நடுவில் நிற்கிறது கண்ணாடி மாட்சு கோயில். 2012இல் நிறைவுற்ற இக்கோயிலுக்கு ஏறத்தாழ 70,000 கண்ணாடித் துண்டுகள் பிடித்தனவாம். சுவர், தூண், கூரை விளிம்பு, வாயிற்காவலர் எல்லாமே கண்ணாடி. நேற்றும் முன்தினமும் மரத்தில் பார்த்த அதே போதிகைகளும் உத்தரங்களும் இங்கே ஒளி புகும் பொருளில் மீண்டும் வந்து நிற்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. மாட்சுவுக்குப் பின்னால், தைவானின் மிக உயர்ந்த சிகரமான யூஷானைக் கண்ணாடியில் அடுக்கி எழுப்பியிருக்கிறார்கள்.

வெறும் காட்சிப்பொருள் என்று ஒதுக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நான் உள்ளே போனேன். ஆனால் அங்கும் ஆட்கள் மண்டியிட்டு மரத்துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தரையில் அவை விழும் ஓசை வேறு மாதிரி கேட்டது. அம்மா சுற்றிமுற்றும் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெயில் உள்ள வருதே, சாமிக்கு வேர்க்காதா?" என்றார். இங்கே அவர் எதுவும் கேட்கவில்லை. ஏற்கனவே பதில் வாங்கியாயிற்றே என்பார் போல.

இரவில் விளக்குப் போட்டால் மிக அழகாக இருக்கும், காத்திருக்கிறீர்களா என்றார் ஓட்டுநர். கடல் வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, தொழிற்பேட்டைக்கும் பழைய கரைக்கும் நடுவில் ஓடும் அகலமான நீர்வழியின் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்.

நீர் இல்லை. வற்றும் வேளை. சாம்பல்நிறச் சேறு ஒரு வயல்போல விரிந்து பளபளத்தது. உற்றுப் பார்த்தபோது சேறு முழுவதும் துளைகள். ஒவ்வொரு துளையின் வாயிலிலும் ஒரு பெரிய கொடுக்கும் ஒரு சிறிய கொடுக்கும் கொண்ட நண்டு நின்று, பெரியதை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தது. நேற்று நான் தின்ற சேற்று இறாலும் இதற்கு அடியில்தான் இருக்கிறது என்றார் ஓட்டுநர். தூரத்தில் இரண்டு கொக்குகள். சிப்பிக் கூடைகளை ஏற்றிய மோட்டார் வண்டி ஒன்று சேற்றுத்தடம் பதித்துக் கரையேறிப் போனது.

"கடல் எங்கே?" என்று மறுபடியும் கேட்டேன்.

"வரும்," என்றார் அவர். "நேரமாகும்."

பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அம்மா முந்தானையால் காதுகளை மூடி முடிந்துகொண்டு, கரைக்கல்லின் மேல் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஓட்டுநர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினார். சேற்றின் நடுவிலிருந்த மெல்லிய பள்ளத்தில் முதலில் ஒரு கோடுதான் மின்னியது. பிறகு அது விரலளவு அகன்று, எந்த ஓசையும் இல்லாமல் எங்களை நோக்கி ஊர்ந்து வந்தது. அதற்கு அருகிலிருந்த நண்டுகள் ஒவ்வொன்றாகக் கொடுக்கை மடக்கித் துளைக்குள் இறங்கின. அம்மா அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.